நான் உப்பு கேட்ட நாள்

புகழையும் முறையீட்டையும் ஒன்றுபோலக் கேட்டுக்கொள்ளும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, பேச்சுதான் என் பிழைப்பு. ஆரணியில் ஒரு மதரஸாவில் அகீதா என்கிற இறைக்கொள்கைப் பாடத்தையும், அதற்குத் துணையாகத் தர்க்கத்தையும் தத்துவத்தையும் நடத்துகிறேன். எங்கள் தெருவில் பகலெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசியே பழகிவிட்டேன். "வெளியில ஓடற தறி பத்தாதுன்னு வீட்டுக்குள்ள ஒண்ணு" என்று என் மனைவி ஷம்ஷாத் கிண்டல் செய்வாள். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட மூன்று காரணம் காட்டி நிரூபிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடமிருந்து பேச்சு ஒரே நொடியில் போய்விட்டது.

போன ரஜப் மாதம், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மூத்த மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் விதிப்படிதான் நடக்கும் என்றால் துஆ என்கிற பிரார்த்தனை எதற்கு என்று ஜாகிர் என்ற மாணவர் கேட்டார். ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிற கேள்விதான். துஆவும் அதே விதியில் எழுதப்பட்டதுதான், காரணமும் விளைவும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன என்று தொடங்குவதற்காக வாயைத் திறந்தேன். வந்தது அந்தப் பதில் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்கிற அதே புகழுரை. பிறகு சிறு வயதிலிருந்து மனப்பாடமாக இருந்த வேத வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தடங்கல் இல்லாமல் வந்தன. என் சொந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கையிலிருந்த டீ டம்ளர் நழுவிப் பாய் நனைந்தது.

மாணவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? கேள்வியைக் கேட்டதும் அவர்கள் ஹஜ்ரத்தாகிய நான் திக்ரு என்கிற இறைநினைவில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்தார்கள். தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் தேம்பி அழுதார். ஒருவர் என் தோளில் அத்தர் தடவினார். டேய், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். வெளியே வசனம் வந்தது. நான் பதறப் பதற ஓதல் வேகமானது. அவர்களுக்கு அழுகை கூடியது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கும்போதுதான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஷம்ஷாத் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"டீ போடட்டுமாங்க?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"சோத்துக்கை ஏன் தொங்குது?"

மறுபடியும் அதேதான் வந்தது. ஜாகிர் தாழ்ந்த குரலில், "ஹஜ்ரத் திக்ருல இருக்காருங்கம்மா. இப்ப பேச்சு குடுக்காதீங்க" என்றார்.

"இன்னாப்பா திக்ரு? டீ போடட்டுமான்னா சக்கரைய கொறச்சிப் போடுன்னு சொல்ற மனுசன் இவரு. இத்தினி வருஷமா குடும்பம் நடத்திகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? இவருக்கு என்னமோ ஆயிடுச்சி."

அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். "குமரேசண்ணே, ஜல்தியா வண்டிய எடுங்க!" குமரேசன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தமாகத் தறியும், புடவை ஏற்றுவதற்கு ஒரு வேனும் வைத்திருக்கிறார். கட்டிவைத்திருந்த புடவை மூட்டைகளைத் தெருவில் இறக்கிவிட்டு என்னை ஏற்றினார். வேலூர் போகும் வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பிவிட்டது என்றார் டாக்டர். கையும் சரியாகிவிடும். மனப்பாடமாக இருப்பதெல்லாம் வாயில் வரும், சொந்தமாகப் பேசுவதற்குத்தான் நாளாகும், சிலருக்கு அது வராமலே போவதும் உண்டு என்றார். பேச்சு இல்லாத நான் யார்? பாடம் இல்லை, வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் இல்லை, மனைவியிடம் ஒரு சண்டைகூட இல்லை. மனம் உடைந்துபோனேன்.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊசி போடும்போது வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறப்பேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வரும். கஞ்சி சுடும். அல்ஹம்துலில்லாஹ். "இப்படி ஒரு பொறுமைசாலிய பாத்ததே இல்லீங்க" என்று நர்சம்மா எல்லா அறைக்கும் போய்ச் சொன்னார். பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்து எனக்காக நீங்கள் துஆ செய்யுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கோபத்தைவிட வேதனை பெரிது. மனதில் எண்ணம் இல்லாமல் வாய் சொல்வது வணக்கத்தில் சேராது என்று பாடம் நடத்துகிறவன் நான். என் கணக்குப்படி நான் ஒரு கிளி. பேச்சைத் திருப்பிக் கொடு என்று அல்லாஹ்விடம் கேட்கக்கூட எனக்கு வார்த்தை இல்லை. உள்ளுக்குள் கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். கேட்கத் தொடங்கினாலே உதடு அசைந்து புகழுரையில் போய் நிற்கும். கேட்டது பாதியில் அறுந்துவிடும். அல்லாஹ் என் கதவை மூடிவிட்டான் என்றே நினைத்தேன். அகீதா நடத்துகிறவனுக்கு வரக்கூடாத நினைப்பு அது. ஆனாலும் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு ஷம்ஷாத் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கையேந்தினாள். அவளுக்கு அரபியில் நீளமாகக் கேட்கத் தெரியாது.

"யா அல்லா, இந்த மனுசன் ஒரு நாளாவது சும்மா இருக்க மாட்டாரான்னு எத்தினியோ வாட்டி நெனச்சிருக்கேன். அத புடிச்சிக்காத. எனக்கு நல்ல வார்த்தை ஒண்ணும் வேணாம். என்னைத் திட்டறதுக்காவது இவரு வாயைத் தொறந்து வை. கேட்டுக்கினு இருக்கேன்."

வாயைத் திறந்தேன். "ஆமீன்" என்று வந்தது.

இதுவும் மனப்பாடச் சொல்தான். எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல நினைத்ததும் வாயில் வந்ததும் அன்றுதான் முதல்முறையாக ஒன்றாக இருந்தன. ஷம்ஷாத் திரும்பிப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். அதற்குப் பிறகு வாயோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். அது புகழ்ந்தால் நானும் கூடவே புகழ்ந்தேன். வலிக்கும்போது சொன்னேன், சுடும்போது சொன்னேன். முதலில் வாய் போனது, மனம் மெல்லப் பின்னால் வந்தது. நிம்மதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

ரமலானும் வந்தது. நோன்பு வைக்க டாக்டர் அனுமதிக்கவில்லை. ஒரு மதியம் ஷம்ஷாத், தான் நோன்போடு இருந்துகொண்டே, களம்பூர் அரிசியில் கஞ்சி காய்ச்சி எனக்கு ஊட்டினாள். ரத்தக்கொதிப்புக்காக உப்பை அடியோடு நிறுத்தியிருந்தாள். நோன்பு என்பதால் ருசி பார்க்கவும் இல்லை. ஒரு வாய் வாங்கினேன். என்னை அறியாமல் முகம் சுளித்தேன்.

"உப்பு" என்றேன்.

கரண்டி கீழே விழுந்தது.

"இன்னா சொன்னீங்க?"

"உப்பு... இல்ல. இன்னா... கஞ்சி இது!"

ஷம்ஷாத் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "குமரேசண்ணே! அவரு என்னைத் திட்டிட்டாருண்ணே! உப்பு இல்லன்னு திட்டிட்டாரு!" தறியை நிறுத்திவிட்டு அவர் ஓடிவந்தார். கணவன் திட்டியதைத் தெருவுக்கே மகிழ்ச்சியாகச் சொன்ன பெண் ஆரணியில் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியாது. அவள் எதைக் கேட்டாளோ, அந்த வார்த்தை மாறாமல் அல்லாஹ் கொடுத்தான்.

இப்போது மறுபடியும் பாடம் நடத்துகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. சில சொற்களைத் தேடி நிற்கும்போது மாணவர்கள் காத்திருக்கிறார்கள். ஜாகிர் அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டார். காரணமும் விளைவும் என்கிற பழைய பதிலையே சொன்னேன், அதில் பிழை இல்லை. ஆனால் அதோடு இந்தக் கதையையும் சொன்னேன்.

உங்களில் யாராவது கேட்க வார்த்தை இல்லாமல் படுத்திருந்தால், தயவுசெய்து நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால், உங்களுக்காகக் கேட்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொள்வான். எனக்குக் கேட்டுக்கொண்டான்.

நேற்றுச் சாப்பிட்டு முடித்துவிட்டு வழக்கம்போல "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். தட்டை எடுக்க வந்த ஷம்ஷாத் அப்படியே நின்றுவிட்டாள். இன்றுவரை அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் முகம் வெளுத்துவிடும்.

"வேற ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

"சாம்பார்ல உப்பு பத்தல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.