கண்டாச்சிபுரத்தின் நாற்பது நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் போனது ஊர் பார்க்க அல்ல, நான் போட்ட கணக்கைச் சரிபார்க்க. பக்கவாதம் வந்தால் மூளை நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு பழுதாகும், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நேரத்தில் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு வரலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கணினி மாதிரி ஒன்றைச் செய்கிறேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கண்டாச்சிபுரத்துக்கு என் கணினி மாதிரி சொன்னது நாற்பது நிமிடம். வரைபடத்தில் பச்சை. பச்சை வந்த ஊருக்கு விழிப்புணர்வு முகாம் கிடையாது. முகாம் நடத்தும் ஊர்களின் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம் அன்று மூன்று மணிக்குத் திண்டிவனத்தில்.

விழுப்புரத்தில் 8.10க்கு பஸ். டிக்கெட் 25 ரூபாய். 9.05க்குக் கண்டாச்சிபுரம். ஆம்புலன்ஸ் போகும் வழியை அளக்க ஆட்டோ கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் ஆரோக்கியசாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்காரம்மாவ பதினோரு மணிக்கு 108ல ஏத்துனேன் மேடம். பதினொன்னு நாப்பதுக்கு ஆஸ்பத்திரி. ஸ்கேன் பாத்துட்டு லேட்டுன்னுட்டாங்க. இன்னா லேட்டு, நீங்களே சொல்லுங்க."

எனக்கும் புரியவில்லை. வீடு பக்கத்துத் தெருதான், அழைத்துப் போனார். மனைவி பிலோமினா இடது கையால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவருக்குப் பேச்சு வராது என்றார் டிரைவர். "எப்போது ஆரம்பித்தது?" என்று நான் பிலோமினாவைத்தான் கேட்டேன். டிரைவர் "பதினொன்னு" என்று சொல்வதற்குள் பிலோமினா இடது கையின் ஐந்து விரலையும் விரித்தார். மடக்கினார். பிறகு இரண்டு விரல்.

ஏழு.

"ஆமா மேடம். ஏழு மணிக்கு டீ கிளாஸ கீழ வுட்டா. கேஸ் புடிச்சிருக்குன்னு சோடா வாங்கிக் குடுத்துட்டு ஸ்கூல் சவாரி போய்ட்டேன். புள்ளைங்கள ஏத்திக்கினு ரெண்டு நடை. அப்புறம் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன், அவ தூங்குறான்னு நெனச்சிக்கினு." டிரைவர் மனைவியைப் பார்க்காமலே சொன்னார்.

ஏழிலிருந்து பதினொன்று நாற்பது வரை. நாலு மணி நாற்பது நிமிடம்; ஊசிக்கான நாலரை மணி தாண்டியிருந்தது. அவரை நான் என்ன குறை சொல்ல? நான் தகவல் சேகரிக்கும் படிவத்திலேயே "வண்டி கிளம்பிய நேரம்" என்றுதான் கட்டம் இருந்தது. சோடாவுக்குக் கட்டம் இல்லை. வெட்கமாக இருந்தது.

விழுப்புரம் திரும்பினேன்; அங்கிருந்து திண்டிவனம் 37 கிலோமீட்டர். பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து, வீட்டில் கழியும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். கண்டாச்சிபுரம் சிவப்பானது. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களும்தான். ஒரே வீட்டை வைத்து எப்படி என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மற்ற வீடுகளையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று பட்டியலைத் தள்ளிவைத்தார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு மேல் பஸ் குறைவு, தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இருந்தாலும், வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சு குழறினால் சோடாக் கடைக்குப் போகாதீர்கள். மணி பார்த்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

அன்று அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது டிரைவர் கேட்டார், "அன்னிக்கு ஏழு மணிக்கே கூட்டிக்கினு போயிருந்தா அவ பேசியிருப்பாளா மேடம்?" வாய்ப்பு இருந்திருக்கும் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. பிலோமினா, தான் உரித்த மல்லாட்டையில் ஒரு பிடி எடுத்துக் கணவர் கையில் வைத்தார்.