தோற்றவரின் சுவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எல்லாக் கட்சிகளுக்கும் தேர்தல் சுவரெழுதியவர் ஒரே ஆள்தான். ஒல்லியான மனிதர். எழுதி முடித்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தன் எழுத்தைப் பார்ப்பார்.

எண்பதுகளில் கார்ப்பரேஷன் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தேன். மறுநாள் காலை, என் வீட்டெதிரில் எழுதியிருந்த என் பெயர்மேல் அவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“யார் அடிக்கச் சொன்னது?” என்றேன்.

“ஆரும் சொல்லலே, சாரே. ஜெயிச்சவரு பேரு கெடக்கட்டும். தோத்தவரு தினம் இதுவழி சாயா குடிக்கப் போகணுமில்லே?”

நெகிழ்ந்துபோனேன். ஆனால் ஜூன் மாத முதல் மழைக்கே சுண்ணாம்பு கரைந்து, எண்ணெய்ப் பெயிண்டில் எழுதிய என் பெயர் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. தினமும் அதைப் பார்த்துப் பார்த்தே அடுத்த தேர்தலுக்கும் மனுக் கொடுத்து, சுவரெழுத அவரையே கூப்பிட்டேன்.

எண்ணெய்ப் பெயிண்டில் சுண்ணாம்பு நிற்காது என்பது, சுவரெழுதியே நரைத்த அந்த மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?