தம்பியின் காண்டாமிருகம்

சென்ற வாரம் என் தம்பி ஒரு காண்டாமிருகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினான். கனடாவில் கேக் வெட்டிப் படமும் அனுப்பியிருந்தான். காண்டாமிருகம் இருப்பதோ அசாமில்!

வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்த குட்டியாம். பெயர் ரூபா. அதை வளர்க்கும் காப்பகத்துக்குத் தம்பி மாதாமாதம் பணம் அனுப்புகிறான். அருகிவரும் இனம், காப்பாற்ற வேண்டும் என்கிறான். நல்ல காரியம்தான்... யார் இல்லையென்றது?

ஆனால் வரும் விடுமுறைக்கு அதைப் பார்க்க அசாமுக்கே போகிறானாம். எனக்கு வயிறு எரிந்தது. மன்னார் நறுவிலிக்குளத்தில் மீள்குடியேறி, தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருக்கும் சொந்த அக்காவைப் பார்க்க மட்டும் அவனுக்கு லீவு கிடைப்பதில்லை. சண்டை முடிந்த பிறகும் ஒருமுறைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தான். திட்டித் தீர்ப்பது என்றுதான் போனை எடுத்தேன். பக்கத்தில் தங்கம்மா அக்கா இருந்தார் — சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த முகாமில் பக்கத்துக் கூடாரம், இப்போது பக்கத்து வீடு. நான் வாயைத் திறக்குமுன் தம்பி ரூபாவின் வீடியோவைக் காட்டத் தொடங்கிவிட்டான்.

சுற்றிலும் கம்பிவேலி. வாசலில் துவக்கோடு காவல்காரர். காலையும் மாலையும் ஒருவர் வந்து குட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவாராம்.

தங்கம்மா அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"தம்பி, இதை எப்ப வெளியில விடுவினமாம்?"

குட்டி வளர வேண்டும், காட்டில் ஆபத்தில்லை என்று அதிகாரிகளும் சொல்ல வேண்டும் என்றான் தம்பி.

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார் அவர்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அந்தக் குட்டிமேல் இரக்கம்கூட வந்தது. பொறாமை போனதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்! நாங்கள் கம்பிக்குள் இருந்தபோது யாரும் பார்க்க வரவில்லை. வர விடவும் இல்லை. அந்தக் குட்டியைப் பார்க்க மட்டும் என் தம்பி விமானம் ஏறி வருகிறான்.

இத்தனை காலமும் ரோஷத்தில் கேட்காமலே இருந்ததைக் கடைசியில் கேட்டேன்.

"அசாம் வரைக்கும் வாறாய்தானே தம்பி. இஞ்சையும் ஒருக்கா வாவன்."

"பாப்பம் அக்கா" என்று போனை வைத்துவிட்டான். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஒரு மெசேஜ். மன்னாரில் எந்த மாதம் வெயில் குறைவு என்று கேட்டிருந்தான். அப்படி ஒரு மாதம் இங்கே இருந்தால் எனக்கும் யாராவது சொல்லுங்கள்!

'எல்லா மாதமும் நல்ல குளிர்' என்று பதில் போட்டேன். காண்டாமிருகத்தோடு போட்டி என்றால் கொஞ்சம் பொய் சொல்லத்தான் வேண்டும்.