வீதியை மறித்த நாளைப் பற்றி ஒரு கேள்வி

யுத்தம் முடிந்த மறுவருடம். பொத்துவிலிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் கரையோர வீதியில் ஒரு பெரிய சைக்கிளோட்டப் போட்டி நடந்தது. வெளிநாட்டு வீரர்களும் வந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து பகல் வரை வீதியை மறித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் மருதமுனையிலிருந்து வாப்பாவை நான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போக முடியவில்லை. பிரஷர் குளிசை முடிந்து இரண்டு நாள் தலைச்சுற்றோடு கிடந்தார். அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை.

அந்த நேரம் பட்டம் முடித்து வேலையில்லாமல் இருந்தேன். அடுத்த கிழமையே ஒரு விரிவுரையாளர் கூப்பிட்டார். போட்டியைப் பற்றி ஊர்ச்சனங்களும் உல்லாசப் பயணிகளும் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. வினாக்கொத்தைக் கொண்டுபோய் ஆட்களிடம் கேட்டு நிரப்பி வர வேண்டும்.

பயணிகளிடம் வேலை சுலபமாக முடிந்தது. அறுகம்குடாவில் ஹோட்டல் ஊழியர் ஒருவர் மொழிபெயர்த்து உதவினார். அநேகமாக எல்லோரும் போட்டி அருமை என்றார்கள். காரைதீவில் நின்று பார்த்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி மட்டும், வீதியோரம் நின்றவர்கள் ஒருவரும் கை தட்டவில்லை, இந்தப் போட்டி அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொன்னார்கள். அதை எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

ஊரில்தான் சிரமப்பட்டேன். ஒரு கேள்வி கேட்டால் பத்துக் கதை சொல்வார்கள். வெயில் வேறு. அவர்களுக்கு என்ன கஷ்டம் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்தானே என்று நினைத்தேன். ஆட்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ‘மிகவும் பாதித்தது’ என்ற கட்டத்தில் புள்ளடி போட ஆரம்பித்தேன். எங்கள் வாப்பாவிடம் கேட்காமலே அவருக்கும் ஒரு தாள் நிரப்பினேன்.

மூன்றாம் நாள் காரைதீவுக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. அன்று மீன் லொறிகள் வரவில்லை என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். வழக்கம்போலப் புள்ளடி போட்டேன்.

“நான் இன்னும் வாய் தொறக்கல்ல. நீ என்னத்த எழுதின?” என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, திகதிதான் எழுதினேன் என்று பொய் சொன்னேன். அவர் எழுந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். தாளை வாங்கி முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை வாசித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“இத அழி.”

“பேனையால எழுதினது அக்கா. அழிக்க ஏலா.”

“அப்ப வேற தாள் எடு. நான் சொல்லுறத எழுது.”

அன்று லொறி வராததால் மீனெல்லாம் பழுதாகப் பார்த்ததாகவும், உப்புப் போட்டுத்தான் மிச்சம் பிடித்ததாகவும் சொன்னார். அதையும் எழுதச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“ரோட்ட மறிச்சா எங்கட ஊருல என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதா புள்ள? ஆரையாவது புடிச்சிக்கிட்டுப் போவாங்க. என்ர மனிசனும் அப்பிடி ஒரு நாள்தான் போன, திரும்பி வரல்ல. சுனாமிக்குப் பொறகு மறிச்சது சவம் ஏத்துற மெசினுக்கு வழி விட. இந்த முறயும் மறிச்சாங்க. நெஞ்சு அடிச்சிக்கிட்டு வந்து நிண்டன். சைக்கிள்தான் வந்திச்சி. சைக்கிள் போய் முடிஞ்சி, எல்லாரும் ஊட்ட திரும்பி வந்த. ஒரு ஆளும் கொறயல்ல. இத எழுது.”

எழுதினேன். அந்த வெளிநாட்டுத் தம்பதி சொன்னது நினைவுக்கு வர, நீங்கள் கை தட்டினீர்களா என்று கேட்டேன்.

“ரோட்டோரம் நிக்கக்குள்ள கைய அசைக்காம நிக்கத்தான் எங்களுக்குத் தெரியும்” என்றார். “அடுத்த முற வந்தா தட்டிப் பாக்கணும்.”

வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்தேன். பாதிக்குக் கிட்ட நானே ஊகித்து நிரப்பியவை. விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது நியாயம். இரண்டு நாள்தான் இருக்கிறது, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, புதுத் தாள்களோடு முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். தெருத் தெருவாக நடந்தேன். செருப்பு அறுந்தது, வாரில் சட்டை ஊசியைக் குத்திக்கொண்டு நடந்தேன். சாய்ந்தமருதில் ஒரு பேக்கரிக்காரர், கொண்டுபோக வழியில்லாமல் கிடந்த பாணைப் பற்றிச் சொல்லி ஏசித் தீர்த்தார். அதையும் ஒரு சொல் விடாமல் எழுதினேன். ஒரு தையல்கார ராத்தா, போட்டிக்குப் பிறகு தன் இரண்டு மகள்களும் சைக்கிள் பழக வேண்டுமென்று நிற்கிறார்கள், வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை என்றார். கேட்கக் கேட்க ஒருவருடைய பதில் மற்றவருடையதைப் போல இல்லை.

கடைசித் தாள் வாப்பாவுக்கு. கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பாதிப்புத்தான், கிளினிக் தவறிப்போச்சு என்றார். பிறகு, “அடுத்த வருசம் வைக்கக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போற ஆக்களுக்கு ஒரு வழி விடச் சொல்லி எழுதும்மா” என்றார். போட்டியையே நிறுத்தச் சொல்வார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சொன்ன நாளில் தாள்களைக் கொடுத்தேன். விரிவுரையாளர் காரைதீவு அம்மாவின் தாளை இரண்டு தரம் வாசித்தார். ஆய்வில் அது எப்படி வந்தது, வந்ததா என்றே எனக்குத் தெரியாது.

இன்று அரசாங்க அலுவலகமொன்றில் இதே மாதிரி விவரம் எடுக்கும் வேலைதான் செய்கிறேன். முன்னால் இருப்பவரின் கஷ்டம் எனக்குத் தெரிந்ததுதான் என்ற எண்ணம் இப்போதும் சில நேரம் வரும். அப்படி வருகிற நேரங்களில்தான், இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும் என்று என்னை நானே பிடித்து இருத்திக்கொள்கிறேன்.