சிசிலிக்கு ஆள் சேர்த்த கதை

போன சனிக்கிழமை லண்டன் குட்மேய்ஸில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் பெட்டி நிறைய எலுமிச்சம்பழம். நாங்கள் தேசிக்காய் என்று சொல்வோமே, அதற்கு மூத்த அண்ணன் மாதிரி, நல்ல மஞ்சளாக, காம்போடும் இலையோடும். ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

"ஐயா, வாங்கப்போறியளோ, மணக்கப்போறியளோ?" என்றான் கடைக்காரன்.

"மணந்து பாத்துப்போட்டு வாங்குறன்."

சிசிலித் தீவை இந்த லண்டன் தமிழருக்கு அறிமுகம் செய்தவன் தன் முன்னால் நிற்கிறான் என்று அவனுக்கு எங்கே தெரியும்? பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஜெர்மனியில் கோப்பை கழுவி, பிரான்சில் சுவருக்குப் பெயின்ட் அடித்து, லண்டனுக்கு வந்து அப்டன் பார்க்கில் சொந்தமாக டிராவல்ஸ் கடை போட்டவன் நான். பக்கத்தில் கோழிப் பொரியல் கடை. சென்னைக்குப் போனாலும் டொராண்டோவுக்குப் போனாலும் என்னிடம் வாங்கிய டிக்கெட் கோழி மணக்கும். அதற்காக ஒருவரும் பிளேனை விட்டுவிட்டு வரவில்லை.

அந்தக் கோழி மணத்துக்குள்தான் ஒருநாள் எலுமிச்சை மணம் நுழைந்தது. சிசிலியின் சுற்றுலாச் சபை லண்டனில் ஓர் அறை எடுத்து, கார்லா என்ற இளம்பெண்ணை ஆறு மாதம் பார்ப்போம் என்று அனுப்பியிருந்தது. அவள் கடை கடையாக ஏறி இறங்கி, வழவழப்பான படப் புத்தகங்களும் ஒரு தட்டு எலுமிச்சம்பழமும் கொடுப்பாள். பழத்தைக் கண்ணாடி யன்னலில் வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தீவு ஞாபகம் வர வேண்டும். இதுதான் சபையின் திட்டம். என் மனைவி யோகத்துக்கு ஞாபகம் வந்தது வேறு. "இதென்ன, சும்மா கிடந்து வாடுது" என்று அடுத்த நாளே அள்ளிப் போய் ஊறுகாய் போட்டுவிட்டாள்.

கார்லா வந்து வெறும் தட்டைப் பார்த்தாள். நான் போத்தலைக் காட்டினேன். அவள் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணால் நீர் வழிய, நன்றாக இருக்கிறது என்றாள். கண்ணைத் துடைத்தபடியே தன் கஷ்டத்தையும் சொன்னாள். ஆறு மாதம் முடியப் போகிறது. ஒரு குழுவையாவது தீவுக்கு அனுப்பாவிட்டால் அறையைப் பூட்டி அவளைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுக்கோ லண்டன் பிடித்துவிட்டது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் போதுமாம்.

"ஒரு பஸ்ஸோ? ரெண்டு பஸ் தாறன், பிள்ளை."

இப்படிச் சொன்னவனுக்கு அன்று இத்தாலி வரைபடத்தில் சிசிலி எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

ஈஸ்ட்ஹாமில் ஒரு மண்டபம் எடுத்தோம். ரோல்ஸும் தேத்தண்ணியும் உண்டு என்று சொன்னதால் கதிரை போதவில்லை. கார்லா விளக்கை அணைத்துப் படம் காட்டினாள். நான் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கினேன். அழகான படங்கள். நீலக் கடல், வெள்ளை மணல், மணலில் ஒரு காலடி இல்லை. பிறகு மத்தியான நேரத்து ஒடுங்கிய ஒழுங்கை ஒன்று, கடையெல்லாம் பூட்டி. பிறகு பழைய தேவாலய முற்றம், நடுவில் ஒற்றைப் பூனை. நான் 'அமைதி, அமைதி' என்று சொல்லச் சொல்ல, சனம் ரோல்ஸ் தின்பதை நிறுத்திவிட்டது.

வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த பூரணம் அக்கா இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். "தம்பி, அங்க என்ன, ஊரடங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கடை பூட்டிக் கிடக்கு. கடற்கரையில ஒரு குருவி இல்லை. சனம் எங்க போட்டுது?"

"ஓமக்கா," என்றது பின்வரிசை. "பூனையும் ஓடத்தான் பாக்குது."

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரருக்கு ஆளில்லாத கடற்கரை சொர்க்கம். எங்களுக்கு ஆளில்லாத தெரு என்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டிய தெரு. அங்கே இருந்த எல்லோரும் ஊரில் சண்டைக் காலத்தில் அப்படித் திருப்பியவர்கள். அன்றைக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கார்லா கேட்டாள். அதைச் சொல்ல என்னிடம் இங்கிலிஷ் இருக்கவில்லை. படம் நல்லதாம் என்றேன்.

திங்கட்கிழமை, யன்னலில் இருந்த படங்களைக் கழற்ற வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. யோகம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டாள். "பிள்ளை, ஆக்கள் நிக்கிற படம் ஒண்டும் உன்னட்ட இல்லையோ?"

நான் இங்கிலிஷில் கேட்டேன். கார்லா பையின் அடியில் துழாவி ஒரு படம் எடுத்தாள். பலெர்மோ நகரத்துத் திருவிழா. கடலை வறுத்து விற்கிறவன், பலூன், தோளில் பிள்ளைகள், கால் வைக்க இடமில்லாமல் சனம். நெரிசல் என்று சபை கழித்துவிட்ட படமாம். யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில் விரலை வைத்தாள். பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு.

"இஞ்சேருங்கோ, இது எங்கட ஆளெல்லோ."

பலெர்மோவில் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள் கார்லா. அவளுடைய அம்மா வீட்டின் கீழ்த்தட்டிலும் ஒரு தமிழ்க் குடும்பம்தானாம். ஏன் முதலே சொல்லவில்லை என்றேன். விடுமுறைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கத்தானே போவார்கள் என்றாள், பாவம்.

யோசனை யோகத்தினுடையது. ஆனால் படத்தைப் பெரிதாக்கி யன்னலில் ஒட்டியவன் நான். அதையும் சொல்ல வேண்டும். பின்னேரமே வாசலில் கூட்டம்.

"உது எங்கட நல்லூர்ப் பெட்டை. தாயைத் தெரியும்."

"சும்மா இரும். உந்த மூக்கு புங்குடுதீவு மூக்கு."

இரண்டு கட்சியும் உள்ளே வந்தன. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "ஆரார் போகினம்?" பூரணம் அக்கா போகிறார் என்று அவருடைய கூட்டாளி மரகதத்துக்குச் சொன்னேன். மரகதம் போகிறார் என்று பூரணம் அக்காவுக்குச் சொன்னேன். அந்த நேரம் இருவருமே பெயர் கொடுத்திருக்கவில்லை. வியாபாரம் என்றால் இதுதான், இதற்குப் படிப்புத் தேவையில்லை. பஸ் நிரம்பியது. இரண்டாவது பஸ்ஸைப் பற்றிக் கார்லா கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

தீவில் முதல் நாள் கடற்கரையில் பஸ் நின்றது. எங்கள் சனம் இறங்கி, பார்த்து, "ஓம், கடல்தான்" என்று முடிவு செய்து, திரும்ப ஏறிக்கொண்டது. மற்ற நாளெல்லாம் பலெர்மோத் தமிழர் வீடுகளில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் புனிதை ஒருத்தியின் குகைக் கோயிலுக்கு ஏறினோம். அங்கத்தைய தமிழர் சைவமோ கிறிஸ்தவமோ, எல்லோரும் ஏறுகிறார்கள். படியில் பச்சைச் சேலைக்காரியைக் கண்டுபிடித்துவிட்டோம். அவர் மட்டக்களப்பு.

புங்குடுதீவுக் கட்சிக்காரியான பூரணம் அக்கா அசையவில்லை. "தாய்வழியில ஆரோ புங்குடுதீவு இருக்கும். மூக்கைப் பாருங்கோ."

அவர்கள் படிக்கட்டில் இருந்தபடி சண்டை பிடித்துச் சிரிக்கிறதைக் கார்லா படம் எடுத்தாள். சபையின் அடுத்த வருஷப் படப் புத்தகத்தில் அது முழுப் பக்கம். கடல் அதற்குப் பின்னால் சின்னதாகத் தெரிந்தது. கார்லாவை ஒருவரும் திருப்பிக் கூப்பிடவில்லை. பல வருஷம் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வந்து போனாள்.

பிறகு விளம்பரமெல்லாம் போனுக்குள் போயிற்று. சபைக்கு லண்டனில் அறை தேவைப்படவில்லை. கார்லா ஊருக்குப் போனாள். என் கடை இருந்த இடத்தில் இப்போது புருவம் திருத்துகிறார்கள்.

எலுமிச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்து, சிசிலிக்கு ஒருமுறை போவோமா என்று யோகத்திடம் கேட்டேன். மருமகன் போனை எடுத்து இரண்டு நிமிடத்தில் பிளேனின் வயிற்றைத் திறந்து காட்டினான். சின்னச் சின்னக் கட்டங்கள். பாதி சாம்பல் நிறம்.

"சாம்பல் எல்லாம் ஆக்கள் எடுத்த சீட், மாமா. மிச்சத்தில விரும்பினதை அமத்துங்கோ."

யோகம் எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்ச ஆக்கள் ஆரும் போகினமோ?"

அவளுக்குச் சொல்ல ஒரு பெயர் தேடினேன். மரகதம் மகளோடு கனடாவில். பூரணம் அக்கா காலமாகி மூன்று வருஷம். சாம்பல் கட்டம் ஒன்றை விரலால் அமத்திப் பார்த்தேன். அது யாரென்று சொல்லவில்லை.

"பிறகு பாப்பம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.