எலுமிச்சம்பழத்தில் ஒரு பொட்டு வெள்ளை

மைதீனின் ஓவியத்தைக் கெடுத்தவன் நான்தான். கை தவறி அல்ல... தெரிந்தே செய்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டில் என் மாடி அறையில் ஞாயிறுதோறும் இருவரும் வரைவோம். அவன் டன்லப் ஸ்ட்ரீட்டில் தன் பெரியத்தாவின் மளிகைக் கடையில் பருப்பு நிறுப்பவன். நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு எலுமிச்சம்பழம்... எங்களுக்கு எதிரே இருந்தது அவ்வளவுதான்.

நீர்வண்ணத்தில் வெள்ளை தீட்டக்கூடாது, தெரியுமா உங்களுக்கு? வெளிச்சம் விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தாளின் வெண்மைதான் வெளிச்சம். அப்படி விட எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அவனுக்கு எப்படித்தான் கைவந்ததோ! பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

லண்டனில் ஓவியம் படிக்க ஒரே ஓர் இடம். அதற்கொரு போட்டி. வெள்ளைச் சாயம் பட்ட படம் தள்ளப்படும் என்பது நிபந்தனை. மைதீன் காய்ச்சலோடு என் அறையில் உட்கார்ந்து படத்தை முடித்தான். மறுநாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

"மச்சான், என்னோடதையும் சேர்த்துக் குடுத்துடு லா" என்றான்.

அவன் படத்தை மேசையில் விரித்தேன். எலுமிச்சம்பழத்தின் தோலில் அவன் விட்டிருந்த அந்த வெளிச்சம்... அதன் மேலேயே, வண்ணப்பெட்டியில் சும்மா கிடந்த வெள்ளையை எடுத்து ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்ததும் பஸ் ஏறி, டோபி காட்டில் இருந்த போட்டி ஆபீசில் இரண்டு படங்களையும் கொடுத்தேன்.

பொறாமை என்று சொல்லி முடித்துவிடலாமா? அந்தச் சொல் எனக்குப் போதவில்லை...

என் படம் தேறவில்லை. அவனுடையதை, வெள்ளை இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தான்.

"நான் வெள்ளையத் தொடவே இல்ல. நீதான் கூடவே இருந்தியே, ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"நான் சரியா கவனிக்கலடா" என்றேன்.

அவன் அந்தப் பொட்டையே பார்த்தான். "காய்ச்சல்ல நானே வச்சிருப்பேனோ?"

நான் படத்தைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தேன்.

அதன்பின் அவன் தூரிகையைத் தொடவில்லை. தன் கையைத் தன்னாலேயே நம்ப முடியவில்லையாம். கேட்பவர்களிடமெல்லாம், "லண்டன் வாய்ப்ப நானே கெடுத்துக்கிட்டேன் லா, இவனக் கேளுங்க" என்று என்னைக் காட்டிச் சிரிக்கிறான்.

ஒவ்வொரு முறையும் நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.