கொடியில் காய்ந்த டோக்கன் நம்பர்

வை-ஃபை சரியாக எடுக்கவில்லை, என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். மோடத்தை உயரத்தில் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பீரோவுக்குப் பின்னால் திணிக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஒன்று விடாமல் செய்தேன். பலன் முழுக்க மாடி வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆளை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நியாயம் பேச யாரும் வர வேண்டாம்.

இரண்டாயிரத்துப் பத்து பிறக்கப் போகும் சமயம் அது. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மிஷினிலிருந்து வரும் பீஸை கேஜ் என்ற அளவுகருவியில் வைத்து அளந்து, அளவை ரெஜிஸ்டரில் எழுதி, சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்து, வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன் ஆர்டருக்காகக் காத்திருந்தேன். அது வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். என் கணவருக்கு அத்திப்பள்ளியில் கான்ட்ராக்ட் வேலை. அதை நம்பி ஒரு சிலிண்டர்கூட பதிவு செய்ய முடியாது.

அவர் பெங்களூரில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தார். அதற்காக பிராட்பேண்ட் போட்டோம். மோடம் மாட்ட வந்தவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வை-ஃபைக்கு ஒரு கீ சொல்லுங்க மேடம், பாஸ்வேர்ட் மாதிரி. அஞ்சு எழுத்து, இல்லேன்னா அஞ்சு நம்பர். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றார்.

ஐந்து இலக்கம் என்றதும் வாயில் வந்தது என் டோக்கன் நம்பர். கம்பெனியில் எங்களுக்குப் பெயர் கிடையாது. வருகைப் பதிவு, கேன்டீன், சம்பளச் சீட்டு, திட்டு எல்லாம் அந்த நம்பருக்குத்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், மறக்கவே மறக்காது என்று எனக்குப் பெருமை வேறு. அவர் தட்டிக்கொண்டே, "இந்த ஏரியாவுல எல்லாரும் டோக்கன் நம்பரத்தான் மேடம் சொல்றாங்க" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த நம்பர் என் யூனிஃபார்ம் சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலில் தைத்திருக்கும். கம்பெனி கொடுப்பது இரண்டே செட், எல்லாம் ஒரே நிறம், மாறிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. வாரத்துக்கு மூன்று நாள் அதைத் துவைத்து மாடியில் காயப் போடுவேன். கொடி கட்டியிருந்தது மாடி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே.

மாடியில் இருந்தவர் காவேரிப்பட்டினம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். என் பிரிவில்தான் வேலை, எனக்கு மூன்று டேபிள் தள்ளி. கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார், மாங்காய் சீசனில் ஊரிலிருந்து மூட்டையாகக் கொண்டு வந்து கொடுப்பார். நானும் அண்ணே அண்ணே என்று தாங்கினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதத்தில் நெட் நொண்ட ஆரம்பித்தது. ஒரு பாட்டு போட்டால் நடுவில் நின்று வட்டம் சுற்றும். பஸ்ஸில் அவரிடம் புலம்பினேன். அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"மோடத்த எங்கம்மா வெச்சிருக்கற?"

"டி.வி.க்குக் கீழண்ணே."

"அங்க வெச்சா எப்படி எடுக்கும்? மாடிப்படிப் பக்கம் ஜன்னல் இருக்குது பாரு, அதுக்கு மேல வெய்யி. தடுப்பு இருக்கக் கூடாது."

அன்றைக்கே ஆணி அடித்து, பலகை வைத்து, மோடத்தை அந்த ஜன்னலுக்கு மேல் ஏற்றினேன். எனக்கு ஒன்றும் வேகம் கூடவில்லை. மாடியில்தான் சினிமா வசனம் தடங்கல் இல்லாமல் கேட்டது. பிள்ளைகளுக்குப் பாட சி.டி. போடத்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாக அவர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். அவர்கள் வீட்டில் போன் லைனே கிடையாதே, நெட் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கன்ஃபர்மேஷனுக்காக என் சான்றிதழ் நகல்களைப் பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் டிபார்ட்மென்ட்டுக்கு மெயிலில் அனுப்பினேன். புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். பர்சனல் ஆபீசரும், கம்ப்யூட்டர் பிரிவுக்காரரும், எங்கள் சூப்பர்வைசரும் அறையில் இருந்தார்கள். மேஜையில் இரண்டு தாள். ஒன்று நான் அனுப்பிய மெயில். இன்னொன்று அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மாலை, பெயரில்லாமல் தலைமை அலுவலகத்துக்குப் போன புகார் மெயில்.

மாதக் கடைசியில் பீஸ்களை அளக்காமலே முத்திரை குத்துகிறார்கள், ரெஜிஸ்டரில் அளவுகளைக் குத்துமதிப்பாக எழுத வைக்கிறார்கள், எழுத வைப்பவர் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். இதுதான் அந்தப் புகார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நானே எழுதியிருக்கிறேன். பிரேக்கில் போகும் பாகம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறேன்.

"எந்த நெட் கனெக்‌ஷன்ல இருந்து மெயில் வந்துச்சுன்னு ஒரு நம்பர் மெயிலோடவே வரும்மா. ரெண்டுக்கும் ஒரே நம்பர்" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

நான் எழுதவில்லை என்று சொன்னேன். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்சனல் ஆபீசர், "உன் ஆர்டர் டைப் ஆயிடுச்சு. கையெழுத்துதான் பாக்கி. நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லு" என்றார்.

வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் பின்னாலேயே வந்து, ஒரு சீட்டில் நாலைந்து எண்களை எழுதிக் கொடுத்தார். வீட்டு லேப்டாப்பில் இதை அடித்தால் மோடத்துக்குள் போகலாம், யார் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டியல் இருக்கும் என்றார். பாஸ்வேர்ட் கேட்டால் மோடத்தின் அடியில் ஒட்டியிருப்பதையே போடச் சொன்னார். அதையும் நாங்கள் மாற்றியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடித்துப் பார்த்தேன். பட்டியலில் இரண்டு வரி. முதல் வரி எங்கள் லேப்டாப். இரண்டாவது வரியில், கம்ப்யூட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஐந்து இலக்க எண். தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறவரின் சட்டைப் பையில் பார்க்கிற எண். கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று எவனோ கேட்டிருப்பான், இவரும் யோசிக்காமல் டோக்கன் நம்பரைச் சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடி ஏறினேன். அவர் தடுமாறவில்லை, வெட்கப்படவும் இல்லை. வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"நான் எழுதுனதுல எது பொய்யி, சொல்லு பாக்கலாம்."

"அத நான் கேக்கல. ஏன் எங்க லைன்ல எழுதுனீங்க?"

"பிரவுசிங் சென்டருக்குப் போனா ஐ.டி. கார்டு கேக்கறான், நோட்டுல பேரு எழுதிக்கறான். அங்க போயி எப்படி எழுதறது?"

"அப்ப எங்க தலையில கட்டுனா பரவாயில்லையா?"

"உன்ன மாட்டி வுடணும்னு நெனக்கலம்மா. இப்படிக் கண்டுபுடிப்பாங்கன்னு எனக்கு என்னா தெரியும்? கொடியில நம்பர் தொங்கிக்கினு இருந்துது. சும்மா போட்டுப் பாத்தன், தெறந்துக்குச்சு."

"நாளைக்கு வந்து நான்தான் எழுதுனேன்னு சொல்லுங்க."

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நீ சின்ன வயசு. உனக்கு வேற கம்பெனி கெடைக்கும்."

அதோடு முடிந்தது. அதுவரை எனக்குள் அவருக்காக ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த மரியாதை, அந்த வார்த்தையில் கழன்று விழுந்தது. என் வேலையை எடுத்து என்னைக் கேட்காமலே தானம் கொடுக்க இவர் யார்? உண்மையைச் சொல்கிற தைரியம் இருந்தால் அதற்கான அடியையும் வாங்க வேண்டும். ஜன்னலுக்கு மேல் மோடம் வைக்கச் சொன்ன வாய்தானே இது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். கீழே வந்ததும் முதல் காரியமாக மோடத்தைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பர்சனல் ஆபீசரிடம் பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்த ஐந்து இலக்கங்களைத்தான் சொன்னேன். எங்கள் கம்பெனியில் அது போதும். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். ஆபீசர் என் ஆர்டரைக் கையில் எடுத்தார், பேனாவைத் திறந்தார், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் அதே செக்‌ஷன்தான. அதுல எழுதியிருக்கறது ஏதாச்சும் உண்மையா?"

சூப்பர்வைசர் கதவோரம் நின்றிருந்தார். இந்த முறை அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது. நான் அதிகம் யோசித்ததாகச் சொன்னால் அது பொய்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாள் இன்னும் பிரிண்டர் சூட்டோடு இருப்பது போலத் தோன்றியது. வாழ்த்துச் சொன்னார்கள், நான் நன்றி சொன்னேன்.

மாடி வீட்டுக்காரரை அன்று மதியமே கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவில்லையாம். தானாகவே விலகுவது போல ராஜினாமா எழுதிக் கொடுக்க வைத்தார்கள். எங்கள் பிரிவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய டேபிளுக்கு வேறு ஒருவர் வந்தார். அவருக்கும் ரெஜிஸ்டரை எப்படி எழுதுவது என்று மாதக் கடைசியில் சொல்லிக் கொடுக்கப்பட்டது. என் கணவர் எனக்காகக் கேசரி வாங்கி வந்தார். சாப்பிட்டேன். செய்தது சரிதான் என்று அவரிடம் நாலைந்து தடவை சொன்னேன். அவர் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்தார்கள். டெம்போவில் கட்டில், சைக்கிள், அந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் ஏறின. அவர் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, நானும் ஜன்னலைத் திறக்கவில்லை. கடைசியாக அவர் மனைவி கீழே வந்து கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தயாராகவே கதவைத் திறந்தேன். சண்டைக்கு வந்தவர் முகமாகவே இல்லை.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "வேலையில இருந்து எடுத்தப்ப, இவரு எழுதுனது எல்லாம் பொய்யின்னு அங்க வேலை செய்யறவங்களே சொல்லிட்டாங்கன்னு இவருகிட்ட சொன்னாங்களாம். ஊருக்குப் போனா எங்க மாமனாரு கேப்பாரு. இவரு என்கிட்ட உண்மையத்தான் எழுதுனன்னு சத்தியம் பண்றாரு. நீயும் அங்கதான வேலை செய்யற. இவரு எழுதுனது பொய்யா?"

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அந்தம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுப்புல பால் இருக்குதுக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சமையலறைக்குப் போய், வெறும் அடுப்புக்கு முன்னால் வண்டி கிளம்பும் வரை நின்றேன்.